விரியாத தழும்பு

பிரசவ அறையில் பணிபுரியத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், வளைகுடா நாடொன்றின் மருத்துவமனையில் நான் இரவுப் பணியில் இருந்தபோது, சூடானைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் தலைப்பிரசவத்துக்காக வந்து சேர்ந்தார். வலி எடுத்துப் பல மணி நேரம் ஆகியிருந்தது. கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கையுறை அணிந்துகொண்டு அருகில் சென்றவள், கண்ணால் கண்டதைப் புரிந்துகொள்ள முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். பெண்ணுறுப்பின் இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு தழும்புக் கோடும், அதன் கீழ்முனையில் சுண்டுவிரல் மட்டுமே நுழையக்கூடிய ஒரு துளையும்தான் இருந்தன. சிறுநீர் கழிக்கும் துவாரம் தெரியவே இல்லை; அது அந்தத் தழும்புக்குப் பின்னால் எங்கோ மறைந்திருந்தது.

என் முகம் மாறியதை அவர் பார்த்துவிட்டார். கால்களைச் சேர்த்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டார். நான் மூத்த செவிலியரை அழைத்தேன். அவர் மருத்துவரை அழைத்தார். மருத்துவர் இன்னொருவரை அழைத்தார். சற்று நேரத்தில் ஐந்தாறு பேர் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்று, வலியில் துடிக்கும் ஒரு பெண்ணின் உடலைக் காட்சிப் பொருள்போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கூட்டத்தைக் கூட்டியதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. சிறுவயதில் ஒருமுறை காயப்படுத்தப்பட்ட பெண்ணை, எங்கள் அறியாமையால் நாங்கள் இரண்டாம் முறையும் காயப்படுத்தினோம். அன்றைய இரவுக்குப் பிறகுதான், சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் இந்த வழக்கத்தைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும், பிறகு வந்த ஆண்டுகளில் சோமாலிய, எரித்ரிய, எகிப்தியப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்ததில் தெரிந்துகொண்டதையும் எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

தமிழ்ப் பத்திரிகைகள் இதைப் பெண் உறுப்புச் சிதைப்பு என்று எழுதுகின்றன. பெண் விருத்தசேதனம் என்று எழுதுவோரும் உண்டு. அந்தச் சொல்லை நான் தவிர்க்கிறேன். ஆண்களுக்கு முன்தோலை நீக்குவதோடு இது ஒப்பானது என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது. உலக சுகாதார அமைப்பு இதை நான்கு வகைகளாகப் பிரிக்கிறது. முதல் வகையில், பெண்ணுறுப்பின் மேல்முனையில் உள்ள உணர்வு மிகுந்த உறுப்பான கிளிட்டோரிஸின் வெளியே தெரியும் நுனியோ அதை மூடியிருக்கும் தோலோ, அல்லது இரண்டுமோ வெட்டப்படுகின்றன. இரண்டாம் வகையில் அதோடு உள்ளிதழ்களும், சில சமயம் வெளியிதழ்களும் போய்விடுகின்றன. மூன்றாம் வகையில் இதழ்களை வெட்டி, வெட்டிய விளிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தோ, கால்களைப் பல நாள் சேர்த்துக் கட்டி வைத்து ஒட்டச் செய்தோ, சிறுநீரும் மாதவிடாயும் வெளியேற ஒரு சிறு துளையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். சூடானில் இதற்குப் பெயர் ஃபிரௌனிய முறை. குத்துதல், கீறுதல், சுரண்டுதல், சூடு வைத்தல் என மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல் செய்யப்படும் மற்றவை எல்லாம் நான்காம் வகையில் அடங்கும். நான் அன்றிரவு கண்டது மூன்றாம் வகை. சோமாலியா, ஜிபூட்டி, எரித்ரியா, சூடான் ஆகிய நாடுகளில்தான் அது மிகுதி.

இந்த வெட்டுக்கு உள்ளாகி இன்று உயிரோடிருக்கும் பெண்களும் சிறுமிகளும் 23 கோடிக்கும் மேல் என்று 2024இல் யுனிசெஃப் கணக்கிட்டது. ஆப்பிரிக்காவில் 14 கோடியே 40 லட்சம் பேர், ஆசியாவில் 8 கோடி பேர், மத்தியக் கிழக்கில் 60 லட்சம் பேர். 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் சோமாலியாவில் நூற்றுக்கு 99 பேரும், கினியாவில் 95 பேரும், எகிப்திலும் சூடானிலும் ஏறத்தாழ 87 பேரும் வெட்டுப்பட்டவர்கள். இந்தோனேசியாவிலும் இது பரவலாக உள்ளது. இந்தியாவில் ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவான தாவூதி போரா சமூகத்திலும், இலங்கை முஸ்லிம்களில் ஒரு பகுதியினரிடையேயும் இருக்கிறது. ஆகவே இதை எங்கோ தொலைதூரத்துப் பழங்குடி வழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்த எண்களைப் படிப்பவர்கள் பெரும்பாலும் வெட்டும் நாளை மட்டுமே மனத்தில் காண்கிறார்கள்: பிளேடு, அலறல், இரத்தம். அந்த நாளின் கொடுமை பெரியதுதான். அந்தப் பகுதியில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் செறிந்திருப்பதால் மயக்க மருந்தில்லாத வெட்டின் வலி சொல்லி மாளாதது. கிளிட்டோரிஸுக்குச் செல்லும் தமனி அறுபட்டால் இரத்தம் நிற்பது கடினம்; அதிர்ச்சி நிலை, ஏற்புவலி (டெட்டனஸ்), இரத்தத்தில் கிருமி பரவுதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் என்று உயிரைப் பறிக்கும் வழிகள் பல. ஆனால் மகப்பேற்றுத் துறையில் இருப்பவர்களின் கண்ணில் படுவது அந்த நாளுக்குப் பிறகு வரும் முப்பது நாற்பது ஆண்டுகள்தான். இயல்பான இதழ்த் திசு மிருதுவானது, மடிப்புகள் உள்ளது, நீளவும் சுருங்கவும் தெரிந்தது. அது வெட்டப்பட்ட இடத்தில் உடல் இட்டு நிரப்புவதோ தழும்பு. தழும்பு காயத்தை மூடும், விரிந்து கொடுக்காது. ஒரு பெண்ணின் இனப்பெருக்க வாழ்வில் பூப்பு, தாம்பத்தியம், கருத்தரிப்பு, பிரசவம் என்று ஒவ்வொரு கட்டமும் அந்த உறுப்பு விரிந்து கொடுப்பதை நம்பியே அமைந்திருப்பதால், ஐந்து வயதிலோ எட்டு வயதிலோ விழுந்த வெட்டு ஒவ்வொரு கட்டத்திலும் திரும்ப வந்து நிற்கிறது.

முதலில் சிறுநீர். மூன்றாம் வகைத் தழும்பு சிறுநீர்த் துவாரத்தை மூடி நிற்பதால், சிறுநீர் நேராகப் பாயாமல் தழும்பின் உட்புறத்தில் மோதி, தேங்கி, கீழே உள்ள துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேறுகிறது. ஒருமுறை சிறுநீர் கழிக்கக் கால் மணி நேரம், அதற்கும் மேலே ஆகும் பெண்கள் இருக்கிறார்கள். பள்ளியில் இடைவேளை மணி முடிந்தும் திரும்பி வராத சிறுமியை ஆசிரியர்கள் கண்டிப்பதும், அதற்குப் பயந்து அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதும் இதன் தொடர்ச்சி. தேங்கிய சிறுநீரால் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது.

அடுத்தது மாதவிடாய். துளை சிறியதாக இருந்தால் உதிரம் தங்கு தடையின்றி வெளியேறாது. கட்டிகளாக உறைந்து உள்ளே நிற்கும். வழக்கமான மாதவிடாய் வலியோடு அடைப்பின் வலியும் சேர்ந்துகொள்ள, மூன்று நான்கு நாட்களில் முடிய வேண்டியது பத்து நாள் வரை இழுக்கும். துளை முழுவதுமாக மூடிக்கொண்டால் மாதாமாதம் உதிரம் உள்ளேயே சேர்ந்து வயிறு பெருக்கத் தொடங்கிவிடும். மணமாகாத பெண்ணின் வயிறு பெருத்தால் ஊர் என்ன சொல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கற்பைக் காப்பதாகச் சொல்லிச் செய்யப்பட்ட ஒன்றே அவளுடைய கற்பின்மீது பழியைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

தழும்புக்குள் தோலின் துணுக்குகள் புதையுண்டு போனால் அங்கே நீர்க்கட்டிகள் உருவாகின்றன. கடுகளவில் தொடங்கி, சிலருக்கு எலுமிச்சையளவைத் தாண்டியும் வளர்கின்றன. வெட்டுப்பட்ட நரம்பின் முனையில் நரம்புக் கட்டி வளர்ந்தால், ஆடை உரசினாலே மின்சாரம் பாய்ந்ததைப் போன்ற வலி எடுக்கும். தழும்பே தடித்து மேடாகி கீலாய்டாக மாறுவதும் உண்டு. உள்ளுறுப்புத் தொற்றுகள் நாட்பட்டுப் போய், இடுப்புவலியும் முதுகுவலியும் வாழ்நாள் முழுக்கத் தொடர்பவர்களும் உண்டு.

என்னை மிகவும் யோசிக்க வைத்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இத்தனை தொல்லைகளையும் அனுபவிக்கும் பெண்களில் பலர், அவற்றுக்கும் வெட்டுக்கும் முடிச்சுப் போடுவதே இல்லை. அம்மாவுக்கும் அப்படித்தான், அக்காவுக்கும் அப்படித்தான், ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் என்றிருக்கும்போது, சிறுநீர் என்றால் சொட்டுவதுதான், மாதவிடாய் என்றால் பத்து நாள் படுக்கைதான் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு உடல் இல்லாதபோது வலி நோயாகத் தெரிவதில்லை. வெட்டியதால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு பெண் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மையாகிவிடாது.

திருமணத்துக்குப் பிறகு வருவது இன்னொரு வெட்டு. தைத்து மூடிய உறுப்பை உறவின்மூலம் திறப்பதற்குப் பல வாரங்களும் மாதங்களும் ஆகலாம். முடியாதபோது கத்தி வருகிறது. ஒவ்வொரு முறையும் கிழிந்து, ஆறி, மீண்டும் கிழியும் புண்ணோடுதான் அந்தப் பெண்ணின் தாம்பத்தியம் தொடங்குகிறது. இன்ப உணர்வின் மையமான உறுப்பு ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்க, மிஞ்சுவது வலி பற்றிய அச்சம்தான். கிளிட்டோரிஸின் பெரும்பகுதி வெளியே தெரியாமல் உடலுக்குள் அமைந்திருப்பதால், நுனி வெட்டப்பட்ட பின்னும் உணர்வு முற்றாக அழிந்துவிடுவதில்லை என்பது உண்மை. அச்சமும் வடுவும் விலகி நின்றால்தானே அது பயன்படும்?

குழந்தையின்மைக்கும் இதற்கும் உள்ள தொடர்பை அந்தச் சமூகங்களே அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன். உறவே கடினமாக இருப்பது ஒரு காரணம். வெட்டுக்குப் பின் ஏற்படும் தொற்று யோனியிலிருந்து மேலேறி, கருப்பையைக் கடந்து கருக்குழாய்களை எட்டி, அவற்றை அடைத்துவிடக்கூடும் என்பது இன்னொன்று. சூடானில் முதன்மைக் குழந்தையின்மை கொண்ட, அதாவது ஒருமுறைகூடக் கருத்தரிக்காத பெண்களையும் கருவுற்ற பெண்களையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வொன்று 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. வெட்டு எவ்வளவு அகலமாகப் போயிருந்ததோ, குறிப்பாக வெளியிதழ்கள்வரை எட்டியிருந்ததோ, அந்த அளவுக்குக் குழந்தையின்மையோடு அதற்குத் தொடர்பு இருந்ததை அந்த ஆய்வு காட்டியது. மணமகளாக ஏற்கப்பட வேண்டும் என்பதற்காக வெட்டப்பட்ட பெண், பிள்ளை பெறவில்லை என்று அதே வீட்டிலிருந்து விலக்கப்படுகிறாள். இரண்டுக்கும் நடுவே ஓடும் கோட்டை யாரும் பார்ப்பதில்லை.

இனி பிரசவத்துக்கு வருகிறேன். என் தொழிலே அது என்பதால் இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பிரசவம் முன்னேறுகிறதா என்று அறிய, கருப்பை வாயை விரல்களால் தொட்டுப் பார்ப்போம். துளை மிகச் சிறியதாக இருந்தால் அதைச் செய்யவே முடியாது. குழந்தையின் தலை எங்கே இருக்கிறது, வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று எதுவும் தெரியாமல் இருட்டில் நடப்பதைப் போல வேலை செய்ய வேண்டியிருக்கும். சிறுநீர்ப்பை நிறைந்து குழந்தையின் தலை இறங்குவதைத் தடுக்கும்போது அதை வெளியேற்றும் கதீட்டர் குழாயைப் போடலாம் என்றால் துவாரம் தழும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கருப்பை தன் வேலையை முழுமையாகச் செய்து, குழந்தையின் தலை வாசல்வரை வந்த பிறகு, வாசல் திறக்காது. தலை தழும்பை முட்டி முட்டி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் குழந்தைக்குப் பிராணவாயு குறைகிறது. கடைசியில் தழும்பு தானாகக் கிழிந்தால், அது போகும் திசையை யாராலும் சொல்ல முடியாது: மேலே சிறுநீர்த் துவாரத்தை நோக்கியும் போகும், கீழே மலவாயை நோக்கியும் போகும். கிழிந்த இடமெல்லாம் இரத்தம்.

இது என் ஒருத்தியின் அனுபவக் கணிப்பு அல்ல. 2001 நவம்பர் முதல் 2003 மார்ச் வரை, புர்கினா ஃபாசோ, கானா, கென்யா, நைஜீரியா, செனகல், சூடான் ஆகிய 6 நாடுகளில் 28 மகப்பேறு மையங்களுக்குப் பிரசவத்துக்கு வந்த 28,393 பெண்களை உலக சுகாதார அமைப்பு ஆராய்ந்தது. முடிவுகள் 2006இல் லான்செட்டில் வெளியாயின. வெட்டுப்படாத பெண்களோடு ஒப்பிடும்போது, மூன்றாம் வகை வெட்டுக்கு உள்ளானவர்களுக்கு சிசேரியன் தேவைப்படும் வாய்ப்பு 31 விழுக்காடும், பிரசவத்துக்குப் பின்னான உதிரப்போக்கு 69 விழுக்காடும், பிறந்த குழந்தைக்கு மூச்சை மீட்டுத்தர வேண்டிய நிலை 66 விழுக்காடும், குழந்தை இறந்து பிறக்கும் அல்லது பிறந்தவுடன் இறக்கும் வாய்ப்பு 55 விழுக்காடும் அதிகமாக இருந்தன. இரண்டாம் வகையில் அந்தக் குழந்தை மரண வாய்ப்பு 32 விழுக்காடு கூடுதல். வெட்டின் அளவு கூடக்கூட ஆபத்தும் படிப்படியாகக் கூடியது. மொத்தத்தில் 100 பிரசவங்களுக்கு ஒன்று முதல் இரண்டு குழந்தைகள்வரை இந்த வெட்டின் காரணமாகவே கூடுதலாக இறக்கின்றன என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இவை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும். மண் தரையில், கிராமத்து மருத்துவச்சியின் கையில், இரத்தம் ஏற்ற வழியில்லாத இடத்தில் பிரசவிக்கும் பெண்கள் இந்தக் கணக்குக்குள் வரவில்லை.

வெட்டியவரும் வெட்டச் சொன்னவரும் நினைத்தே பார்த்திராத ஒரு தண்டனை இது. பாட்டி பேத்தியின் நன்மைக்கென்று செய்ததன் விலையை, இருபது ஆண்டு கழித்து அந்தப் பேத்தியின் குழந்தை கொடுக்கிறது.

அன்றிரவு சிசேரியனுக்கு ஏற்பாடு செய்யலாம் என்று பேச்சு எழுந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். யாரோ ஒருவருக்கு நல்ல யோசனை தோன்றி, குழந்தைகள் பிரிவில் பணிபுரிந்த சூடானிய மூதாட்டியான செவிலியரை அழைத்துவந்தார். அவர் தம் நாட்டில் பல ஆண்டுகள் மருத்துவச்சியாக இருந்தவர். உள்ளே வந்ததும் முதலில் எங்களில் பெரும்பாலோரை வெளியே அனுப்பினார். பிறகு அந்தப் பெண்ணின் தலைமாட்டில் அமர்ந்து, அரபியில் மெதுவாக ஏதோ பேசினார். சுவரைப் பார்த்திருந்த முகம் திரும்பியது. மரத்துப்போகும் ஊசி போட்டு, தழும்புக்குப் பின்னால் தம் இரண்டாம் விரலைச் செலுத்தி, குழந்தையின் தலையைக் காத்தபடி, நடுக்கோட்டில் கீழிருந்து மேலாகச் சிறுநீர்த் துவாரம் வெளிப்படும்வரை மட்டும் வெட்டித் திறந்தார். அதற்குமேல் போகக் கூடாது, அங்கேதான் இரத்தம் பீறிடும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே செய்தார். சில நிமிடங்கள்தான். தலை வெளியே வந்தது. பெண் குழந்தை.

தழும்பைத் திறக்கும் இந்தச் சிறிய சிகிச்சையை உலக சுகாதார அமைப்பு 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் தெளிவாகப் பரிந்துரைத்தது. பிரசவ வலியின் நடுவிலும் செய்யலாம், அதற்கு முன்பே கர்ப்ப காலத்திலும் செய்யலாம். முன்கூட்டியே, கர்ப்பத்தின் நடு மாதங்களில் செய்வதையே நான் விரும்புவேன்: ஆறுவதற்கு நேரம் கிடைக்கும், பிரசவத்தன்று இரவில் யார் பணியில் இருக்கிறார்கள் என்ற அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியிருக்காது. ஆனால் அதற்கு, முதல் பரிசோதனையிலேயே யாராவது கேட்டிருக்க வேண்டும். வெட்கத்தால் அவரும் சொல்வதில்லை, சங்கடத்தால் நாங்களும் கேட்பதில்லை. ஒன்பது மாதமும் இரத்த அழுத்தமும் எடையும் பார்த்து அனுப்பிவிட்டு, கடைசி மணி நேரத்தில் திகைத்து நிற்கிறோம். இப்போதெல்லாம் நான், சில நாடுகளில் பெண்களுக்குச் சிறுவயதில் வெட்டும் வழக்கம் உண்டு, உங்களுக்கும் அப்படி நடந்திருக்கிறதா என்று எல்லாக் கேள்விகளுக்கும் நடுவே சாதாரணமாகக் கேட்டுவிடுகிறேன். சிதைப்பு என்ற சொல்லை எழுத்தில் பயன்படுத்துவேனே தவிர, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒருபோதும் சொல்வதில்லை. அவர் தம் உடலைச் சிதைந்ததாக நினைக்காமல் இருக்கலாம். அந்த நினைப்பை விதைக்க எனக்கு உரிமை இல்லை. மொழிபெயர்க்கக் கணவரையோ மாமியாரையோ வைத்துக்கொள்வதும் இல்லை.

பிரசவம் முடிந்ததும் வெளியே காத்திருந்த உறவினர் ஒருவர், பழையபடி தைத்துவிடுங்கள் என்று கேட்டார். மீண்டும் தைப்பதை சூடானில் அதல் என்பார்கள். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பின்னும் தைத்து, அடுத்ததற்குத் திறந்து, மறுபடி தைத்து, தழும்பின்மேல் தழும்பாக ஏறும். பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளில் அது சட்டப்படி குற்றம். அந்தச் சூடானியச் செவிலியர், வெட்டிய இரு விளிம்புகளையும் தனித்தனியாகத்தான் தைப்பேன், சேர்த்துத் தைக்க மாட்டேன் என்று ஒரே வரியில் சொல்லிக் கதவை மூடினார்.

மருத்துவத் தொழிலில் உள்ள எல்லோரும் அவரைப்போல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். எகிப்தில் அண்மைக் காலத்தில் சிறுமிகளை வெட்டியவர்களில் பெரும்பாலோர் மருத்துவர்களும் செவிலியர்களும்தான். சுத்தமான கத்தி, மயக்க மருந்து, குறைந்த இரத்தம், ஆகவே ஆபத்தில்லை என்பது அவர்கள் சொல்லும் நியாயம். 2007இல் அங்கே 12 வயதுச் சிறுமி ஒருத்தி தனியார் மருத்துவகத்தில் இந்த வெட்டின்போது இறந்த பிறகுதான், நாடு அதை முழுமையாகத் தடைசெய்து, அடுத்த ஆண்டு குற்றமாகவும் அறிவித்தது. ஆரோக்கியமான உறுப்பை வெட்டி எறிவதற்கு என் துறையின் அறிவும் கருவிகளும் பயன்படுவதைவிட எனக்கு மானக்கேடானது வேறில்லை. இந்த மானக்கேடு ஒரு கண்டத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. 1860களில் லண்டனில் ஐசக் பேக்கர் பிரவுன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், வலிப்பையும் ஹிஸ்டீரியாவையும் குணப்படுத்துவதாகச் சொல்லிப் பெண்களின் கிளிட்டோரிஸை வெட்டிக்கொண்டிருந்தார். 1867இல் மகப்பேற்று மருத்துவர் சங்கம் அவரை வெளியேற்றியது. கிருமி நீக்கிய கத்தியால் வெட்டினாலும் ஆறிய பின் அங்கே வருவது அதே தழும்புதான்.

இத்தனையும் தெரிந்த பிறகும் தாய்மார்கள் ஏன் செய்கிறார்கள் என்று என்னிடம் கேட்பவர்கள், கேள்வியிலேயே அவர்களைக் கொடியவர்களாக்கிவிடுகிறார்கள். நான் பார்த்த தாய்மார்கள் தங்கள் மகள்களை உயிருக்குயிராக நேசித்தவர்கள். வெட்டாத பெண்ணுக்கு மணமகன் கிடைக்காது, மணமாகாத பெண்ணுக்கு வாழ்வில்லை என்று இருக்கும் ஊரில், ஒரு தாய் மட்டும் தனித்து மறுத்தால் அதன் விலையை அவருடைய மகள்தான் கொடுக்க வேண்டும். சூடானில் வெட்டுப்படாத பெண்ணை இழிவாகக் குறிக்கும் கல்ஃபா என்ற வசைச்சொல் உண்டு. அதற்கு எதிரான நல்ல சொல் மக்கள் நாவில் இருக்கவில்லை. 2008இல் அங்கே தொடங்கிய இயக்கம் ஒன்று, முழுமையானவள், குறைவுபடாதவள் என்று பொருள்படும் சலீமா என்ற சொல்லை வெட்டுப்படாத பெண்ணுக்குச் சூட்டிப் பரப்பியது. சட்டத்தைவிட இந்தச் சொல் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு தாய் தன் மகளைப் பார்த்துப் பெருமையாகச் சொல்வதற்கு முதலில் ஒரு பெயர் வேண்டும். சூடான் 2020இல் சட்டமும் இயற்றியது.

மதத்தின் பெயரைச் சொல்பவர்களுக்கு: இந்த வழக்கம் இஸ்லாத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் முந்தையது; எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களிடமும் இருந்துவருகிறது; குர்ஆனில் இதற்குக் கட்டளை இல்லை; எகிப்தின் பெரும் மார்க்கக் கல்வி நிறுவனமான அல்-அஸ்ஹரின் இஸ்லாமிய ஆய்வு மன்றமே 2007இல் இதற்கு மார்க்க அடிப்படை இல்லை என்று அறிவித்தது. சோமாலிலாந்தின் ஹர்கெய்சா நகரைச் சேர்ந்த எட்னா அதான் இஸ்மாயிலை இங்கே நினைத்துக்கொள்கிறேன். சிறுவயதில் தாமே வெட்டப்பட்டவர், பிரிட்டனில் செவிலியமும் பேறுகாலப் பணியும் படித்துத் திரும்பியவர், 1976இலேயே சோமாலிய மேடையில் இதைப் பற்றி வாய்திறந்து பேசியவர், 2002இல் தம் சொந்தச் சேமிப்பைக் கொண்டு மகப்பேறு மருத்துவமனை திறந்தவர். மருத்துவச்சி ஒருத்தி பேசினால் அந்தப் பேச்சுக்கு எடை உண்டு. அந்தத் தழும்பைக் கையால் தொட்டவள் அவள்.

போராட்டம் முடியவில்லை. காம்பியாவில் 2015இல் வந்த தடையை நீக்க மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டு, 2024 ஜூலையில்தான் நாடாளுமன்றத்தில் தோற்றது. கென்யாவிலும் புர்கினா ஃபாசோவிலும் இளந்தலைமுறையில் விகிதம் நன்றாகக் குறைந்திருக்கிறது. சோமாலியாவில் அசையவே இல்லை. பழக்கம் மிகுந்த நாடுகளில் மக்கள்தொகை விரைந்து பெருகுவதால், விகிதம் குறைந்தாலும் வெட்டப்படும் சிறுமிகளின் எண்ணிக்கை கூடுகிறது.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த சில மணி நேரத்துக்குப் பிறகு, விடியும் முன், கழிவறையிலிருந்து அழைப்பு மணி ஒலித்தது. இரத்தப்போக்காக இருக்குமோ என்று பதறி ஓடினேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்கள் விரிய நின்றிருந்தார். ஏதோ அறுந்துவிட்டது, உடல் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்று பயந்துபோயிருந்தார். விளங்கிக்கொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. சிறுநீர் சத்தத்தோடு பாய்ந்து ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை, எல்லோருக்கும் இப்படித்தான் என்றேன்.

"உங்களுக்குமா, சிஸ்டர்?" என்று கேட்டார்.

ஆம் என்றேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கட்டிலுக்குத் திரும்பி, தொட்டிலில் துணி சுற்றிக் கிடந்த மகளைக் கையில் எடுத்து, கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.